இஸ்திரி மேசைக்குப் பயப்படும் டெம்போ

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் ஊர்ப்பக்கத்தார் குடியேறிய ஒரு சந்து, காலை பத்து மணி. ஊருக்குப் போகும் ரயிலுக்கு நேரம் இருப்பதால் சட்டையை இஸ்திரி போடக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். இஸ்திரிக்காரர் முருகனின் மேசை பாதி ரோட்டில் நிற்கிறது. எதிர்ப்புறம் ஓர் அம்மாள் கூடையை வைத்துப் பூக் கட்டுகிறாள். நடுவில் மிஞ்சிய இடத்தில் ஒரு டெம்போ நடை வேகத்தில் வருகிறது. வேகத்தடை இல்லை, போர்டு இல்லை, போலீஸ் இல்லை.

“இங்க யாரும் அடிபட்டதில்லையா?”

“இதுல எங்க அண்ணாச்சி வெரசா போக? மேசையில தட்டுனா அவன் வண்டியிலல்லா கோடு விழும்!”

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவும் இப்படித்தான் இருந்தது. அகலப்படுத்தக் கேட்டு எழுதிய மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. இப்போது ரோடு கண்ணாடி மாதிரி கிடக்கிறது. நாற்பதுக்கு மேல் போகாதே என்று போர்டு வைத்தும் எவனும் குறைப்பதில்லை. பால் வாங்கப் போய் அடிபட்ட என் மனைவி இன்னும் தடி ஊன்றித்தான் நடக்கிறாள்.

“உங்க தெரு எப்படி அண்ணாச்சி?”

“நல்ல அகலம்.”

“குடுத்து வச்சவிய! நாங்களும் அகலமாக்கச் சொல்லி மனு குடுக்கப் போறோம். மேசைய உள்ள இழுத்துப் போட்டுக்கிடுவேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கிறேன். எதிரே, அந்த அம்மாள் கூடையை நகர்த்தும்வரை டெம்போ ஹாரன்கூட அடிக்காமல் காத்திருக்கிறது.

எங்கள் தெரு மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவன் எந்த வாயால் தடுப்பது? “குடுங்க. நல்லா இருக்கும்” என்கிறேன்.