பாவில்லாத தறி

போன வாரம் ரேஸ்கோர்ஸ் பக்கம் புதிதாகத் திறந்த காபிக் கடைக்கு நண்பர் ஒருவர் அழைத்துப் போனார். வாசலிலேயே ஒரு பழைய விசைத்தறி. இரும்புக்குக் கறுப்பு பெயின்ட், மரத்துக்கு வார்னிஷ், மேலே ஒரு பூந்தொட்டி. இரண்டு பிள்ளைகள் அதில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிறகு வந்த காபியும் வாயில் வைக்க விளங்கவில்லை.

தறியில் வார்னிஷா மணக்கும்? கஞ்சி போட்ட நூலும் மிஷின் ஆயிலும் அல்லவா மணக்கும். சூலூரில் எங்கள் வீட்டை ஒட்டிய செட்டில் ஆறு தறிகள் ஓடின. அந்த மணம் அப்பாவின் சட்டையோடு வீட்டுக்குள் வரும், கூடவே அவர் குரலும். தறிச் சத்தத்தில் கத்திப் பேசிப் பழகியவர் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். தொண்ணூறுகளின் நடுவில், ஓவியம் படிக்க எனக்கு இங்கிலாந்தில் ஓராண்டு உதவித்தொகை கிடைத்தபோதும் கத்தினார்.

"பொம்மை போடறதுக்கு ஏரோப்ளேன்ல போகோணுமாக்கும்."

போனேன். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரே ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்ற வீம்போடுதான் போனேன்.

போன ஊரில் எந்நேரமும் மழை. நான் கடுகு தாளித்தால் வீட்டுக்காரம்மாள் அந்தக் குளிரிலும் ஜன்னல்களையெல்லாம் திறந்து வைப்பார். அதனால் காலையில் ஒரே தடவை ஆக்கிய அரிசிம்பருப்புச் சோற்றையே ராத்திரி வரை, ஆறிப்போன பின்னும் தின்றேன். பகலெல்லாம் மியூசியம். கலை ஆர்வம் பாதி, அங்கே இருந்த ஹீட்டர் பாதி. ஸ்கெட்ச் புத்தகத்தை விரித்து எங்கே உட்கார்ந்தாலும் ஒரு காவலர் பின்னால் வந்து நின்று செருமுவார். என் பென்சிலை அவர் கத்தியைப் போலத்தான் பார்த்தார். பக்க ஓரங்களில் அவரை எருமையாக வரைந்து வைத்தேன். கொம்பு ரொம்ப நன்றாக வந்தது.

ஒருநாள் அவருக்குப் பயந்து அடுத்த கூடத்துக்குப் போனால், கயிறு கட்டிய மேடையில் ஒரு தறி. எங்கள் செட்டில் ஓடுகிற அதே தறி. அன்று காலையும் எங்களுக்குச் சோறு போட்ட சாமானை அந்தக் காலத்துப் பொருள் என்று எழுதி வைத்திருந்தார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு யோசனை வந்தது. உங்கள் தறிக்கு இங்கே இவ்வளவு மரியாதை என்று அப்பாவுக்குக் காட்டலாமே? ஒரு ஆணி விடாமல் வரைந்து தபாலில் அனுப்பினேன்.

சூலூர் பஸ் ஸ்டாப் எஸ்.டி.டி. பூத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவேன், அம்மா வந்து பேசுவார். படம் போய்ச் சேர்ந்த வாரம் எடுத்தது அப்பா.

"பாவு இல்லாத தறியப் படம் போட்டு ஊட்டுக்கு அனுப்பியிருக்கறயே, நாங்க நல்லா இருக்கறது உனக்குப் புடிக்கலயாடா?"

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். எங்கள் பக்கம் ஒரு பாவு தீரும் முன்பே புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு பிணைத்துவிடுவார்கள். நொடித்துப்போன வீட்டில்தான் தறி வெறுமையாக நிற்கும். மியூசியத் தறியில் ஒரு இழைகூட இல்லை, நானும் அப்படியே வரைந்திருந்தேன். கண்ணில் பட்டதை வரைவதுதான் என் தொழில், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். நான் சொன்னதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அம்மா போனை வாங்கினார்.

"படத்த அடுப்புல போட்டுட்டாரு கண்ணு. நீ சாப்ட்டயா?"

ஊர் திரும்பி, போத்தனூரில் வீடு பிடித்து, பள்ளியில் டிராயிங் வாத்தியாரானேன். அப்பாவும் நானும் மழையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம். தொண்ணூறுகள் முடிவதற்குள் தறித்தொழில் படுத்துவிட்டது. ஒருநாள் அவரே போன் செய்தார்.

"தறியெல்லாம் எடைக்குப் போட்டுட்டேன். இனி நீ வந்து வரஞ்சுக்கலாம்."

ஸ்கெட்ச் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, காந்திபுரத்தில் பஸ் மாறிப் போனேன். தறிகளைக் காலையிலேயே லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். தரையில் போல்ட் குழிகள், எண்ணெய்க் கறை. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எதைங்கப்பா வரையறது?" என்றேன்.

"இதத்தான். ஒண்ணுமில்லாததத்தான உனக்கு நல்லா வரைய வருது."

வந்த ஆத்திரத்தில் அங்கேயே தரையில் உட்கார்ந்து அந்தக் குழிகளையும் கறைகளையும் வரைந்து அவர் மடியில் போட்டேன். முதல் தடவையாக என் படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"மூலைத் தறி இன்னும் சித்த தள்ளி நின்னுது" என்றார்.

அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. செட் இருந்த இடத்தில் இப்போது டயர் குடோன். படம் என்னிடம்தான் இருக்கிறது. அந்த மூலையை நான் இன்னும் திருத்தவில்லை.