கோவேறு கழுதைக்கு வாய்த்த அமாவாசை

எங்கள் வீட்டில் அமாவாசையன்று மாடு பூட்டுவதில்லை. ஏரும் இல்லை, வண்டியும் இல்லை. காளைகள் இரண்டையும் குளிப்பாட்டி, நெற்றியில் திருநீறு இட்டு, பருத்திவிதை வைத்த பிறகே தந்தையார் பூசையில் அமர்வார். போடியில் உழவர் வீடுகள் பலவற்றிலும் அதுவே வழக்கம்.

எனக்கு எட்டு வயதான கார்த்திகையில், மழையால் மலைச்சாலை சரிந்து ஜீப்புகள் நின்றுபோயின. மேலே எங்கள் ஏலத்தோட்டத்து வேலையாட்களுக்கு அரிசி தீர்ந்துவிட்டதென்று ஆள் வந்து சொன்னான். மறுநாள் அமாவாசை. இப்படி ஜீப் ஓடாத நாட்களில் அடிவாரமான முந்தல் வரை மூட்டை எங்கள் வண்டியில் போகும். அதற்குமேல் ஒற்றையடிப் பாதையில் கோவேறு கழுதை சுமக்கும். வண்டி பூட்டலாகாது என்பதால் கழுதைக்காரரை வீட்டுக்கே வரச்சொன்னார் தந்தையார். காளைகளின் ஓய்வுக்காகக் கழுதை அந்த வழியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாயிற்று. அதில் பிழையிருப்பதாக எவருக்கும் தோன்றவில்லை.

காலையில் கழுதைக்காரர் தம் மனைவியோடு வந்தார். சேணத்தைச் சரிசெய்ய அவர் தூக்கியபோது, கழுதையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் இருப்பதைக் கண்டேன். உடனே மூட்டைக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"இன்னைக்கு அமாவாசையில்ல? இது மேல மட்டும் ஏத்தலாமா?"

கழுதைக்காரர் சிரித்தார். "கழுதைக்கு ஏது ஆத்தா அமாவாசை? அது எங்க கூட்டம். நாள் கெழமை பாத்தா வயித்துக்கு ஆகுமா?"

நான் அழத் தொடங்கினேன். பதிகம் பாடி முடித்து அப்போதுதான் எழுந்து வந்த தந்தையார் நெகிழ்ந்துபோனார். எல்லா உயிரிலும் உறைபவனே குழந்தை வாயால் பேசுவதாக அவருக்குப் பட்டது.

"பிள்ள சொல்றது ஞாயந்தான். கழுத இங்கனயே நிக்கட்டும்."

"அப்ப அரிசிங்கய்யா?"

"அது இருட்டுறதுக்குள்ள போய்ச் சேரணுமேப்பா. பாவம், பசிச்சுக் கெடப்பாக."

கழுதைக்காரர் மூட்டையைப் பிரித்து இரண்டாகக் கட்டினார்.

"தலைக்குச் சும்மாட்டக் கொண்டா புள்ள. வெரசா நட. இன்னைக்கு நாமதான் கழுத."

"என்னைக்கு இல்லாம இருந்தோம்?" என்றார் அவர் மனைவி.

தந்தையாரே கைகொடுத்து இருவர் தலையிலும் சுமையை ஏற்றிவிட்டார்.

அன்று கழுதைக்குக் காளைகளுக்கு நிகரான மரியாதை. புண்ணில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவினேன். நெற்றியில் திருநீறு இட்டேன். தெருவே வந்து பார்த்துச் சென்றது. என் உள்ளத்தில் இறையருள் சுரந்திருப்பதாகத் தந்தையார் வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

மறுநாள் இருவரும் கழுதையை ஓட்டிப்போக வந்தார்கள். அந்த அம்மாளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. முழு உடம்போடும் திரும்பியே என்னைப் பார்த்தார்.

"கழுதைக்குப் புண்ணு எப்படி இருக்கு பாப்பா?"

ஆறி வருகிறதென்றேன். அடுத்த அமாவாசைக்கும் அதை இங்கேயே கொண்டுவந்து விடும்படியும், தவறாமல் ஓய்வு தருவதாகவும் வாக்களித்தேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் ஜீவகாருண்யத்தை மெச்சியே சிரிக்கிறார்கள் என்றெண்ணி, நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.