சாரத்தில் ஓர் ஆள் இடம்

வள்ளியூருக்குத் தெற்கே மழை மூன்று வருடம் பொய்த்தபோது, புருஷன் ஆறுமுகநயினாரோடு திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவள் மாடம்மாள். வந்த ஐந்தாம் வருடம் அவர் இருமிப் படுத்தார். பிறகு கிள்ளியாற்றங்கரைக் குடிசையில் இரண்டு வயிற்றுக்கும் அவள் ஒருத்தியின் கைதான். அதனால் அவள் யாரோடும் மல்லுக்கு நிற்பதில்லை. எல்லை தாண்டி வந்த தமிழர்களை அந்த ஊரில் ஏளனமாக அழைக்கும் பெயர் 'பாண்டி'. கடையிலும் பஸ்ஸிலும் அது காதில் விழும்போது அவள் மூக்குத்தியைத் திருகிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

நேசையன் மேஸ்திரியின் கூட்டத்தில் அவளுக்கு வேலை. வீட்டுக்குக் கூரை வார்க்கும் நாளில் பதினோரு பெண்கள் தரையிலிருந்து மாடிவரை சாரத்தில் படிப்படியாக நிற்பார்கள். கலவைச் சட்டி கீழிருந்து கைமாறிக் கைமாறி மேலே போகும். கலவை இறுகுவதற்குள் ஊற்றி முடிக்க வேண்டும். பாதியில் நின்றால் பழைய கலவைக்கும் புதியதற்கும் நடுவே வெடிப்பு விழும், மழைக்காலத்தில் ஒழுகும். யாராவது இறங்கிப் போனால் மேலே இருப்பவள் ஒரு படி இறங்குவாள், கீழே இருப்பவள் ஒரு படி ஏறுவாள். கைகளை எட்டி நீட்டி அந்த இடத்தை அடைத்துக்கொள்வார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த பழக்கம் அது.

எழுபத்து நான்காம் வருடம் அந்தக் கூட்டத்துக்கு மாதி வந்தாள். கல்லாற்றுக்கு மேலே மலைக்காட்டில் இருக்கும் காணிக்காரப் பழங்குடியைச் சேர்ந்தவள். நல்ல கறுப்பு, சுருட்டை முடி, அதிகம் பேசாத வாய். கூட்டம் அவளுக்கு வைத்த பெயர் காட்டாத்தி. தண்ணீர் வாளியில் தொங்கும் அலுமினியக் குவளையை அவள் தொடாதபடி முதல் நாளே ஒரு சிரட்டையைக் கழுவித் தனியாக வைத்தவள் வேறு யாருமில்லை, மாடம்மாள்தான். அதில் தவறு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அவமானப்பட்டவர்களுக்கு அடுத்தவர் அவமானம் தானாகப் புரிந்துவிடும் என்று நினைக்கிறோம். அநேகமாக அப்படி நடப்பதில்லை. தனக்குக் கீழே இன்னொரு தலை இருக்கிறதா என்றுதான் மனசு முதலில் தேடுகிறது.

மாசி மாதத்தில் ஒரு வார்ப்பு நாள். காலையில் வீட்டுக்கார அம்மா வாசலுக்கு வந்து மேஸ்திரியிடம், "பாண்டிகள் கிணத்துப் பக்கம் வரண்டாம், கேட்டோ. வெள்ளம் நான் கோரித் தராம்" என்றார். தண்ணீரை அவரே இறைத்துத் தருவாராம், இவர்கள் கிணற்றைத் தொடக்கூடாது. "சரி அம்மே" என்று நேசையன் தலையாட்டினான். எல்லையோரப் பாறசாலைக்காரனான அவன் வீட்டில் பேசுவதும் தமிழ்தான். மாடம்மாள் வழக்கம்போல் மூக்குத்தியைத் திருகினாள்.

பதினொரு மணிக்கு வெயில் தகரம்போலக் காய்ந்தது. சட்டி நிற்காமல் போய்க்கொண்டிருக்க, வாளி படிப்படியாக மேலே வந்தது. மாதியின் சிரட்டையை யாரோ மிதித்து உடைத்திருந்தார்கள். மாதி ஒரு கணம் தயங்கினாள். பிறகு குவளையை முக்கி, வாயில் வைத்துக் குடித்தாள். மற்றவர்கள் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பார்கள். மலையில் யாரும் அப்படிக் குடிப்பதில்லை.

"அய்யோ! காட்டாத்தி குவளையில வாய் வச்சிட்டா!" என்று ராகேல் கத்தினாள். மாடம்மாளுக்கு ஒரு படி கீழே நிற்பவள் அவள். கத்திய பிறகுதான் தான் கத்தியதே அவளுக்குத் தெரிந்தது.

நேசையன் சாரத்தில் ஏறி வந்து வாளியை எட்டி உதைத்தான். "கறுத்த சவமே, உன்னக் காட்டுல இருந்து கொண்டுவந்து மனுசக் கூட்டத்துல நிறுத்தினேன் பாரு, என்னச் சொல்லணும். இறங்குட்டி! கூலியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மாதி இறங்கினாள். அழவில்லை. கலவை படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மணல் குவியல் பக்கம் போய் நின்றாள். சாரத்தில் மாடம்மாளுக்கும் மேலே நின்ற வடிவம்மாளுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது.

"ம், அடைச்சு நில்லுங்க" என்றான் நேசையன்.

வடிவம்மாள் ஒரு படி இறங்கிக் கையை நீட்டினாள். மாடம்மாளின் கையில் நிறைந்த சட்டி இருந்தது. ஒரு படி ஏறினால் போதும்.

அவள் ஏறவில்லை. ஏன் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். காலையில் வீட்டுக்கார அம்மா பேசியபோது இருந்த அதே முகம் நேசையனுக்கும் வந்ததைப் பார்த்தாள். முதல் நாள் சிரட்டையைக் கழுவியபோது தனக்கும் அந்த முகம் இருந்திருக்கும் என்று பட்டது. அவ்வளவுதான்.

"மாடம்மா, ஏறு."

"கை எட்டாது மேஸ்திரி."

"ஏறினா எட்டும்."

"ஏறல. அவ வந்து நிக்கட்டும்."

"ஓகோ! காட்டாத்தி உனக்கு மைனி முறையோ?"

"உமக்கு நான் என்ன முறை? எனக்கு வேல தந்தீரு இல்லா? அதே முறைதான்."

கீழே கலவைக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். நேசையனின் முகம் சிவந்தது. "அப்ப நீயும் இறங்கு. ராகேலு, நீ மேல ஏறு. வடிவு, நீ இன்னும் கீழ வா. ரெண்டு பேரு இல்லாமலும் வார்ப்பு நடக்கும்."

நடக்கும்தான். அது மாடம்மாளுக்கும் தெரியும். ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவர்கள் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினால் போதும். அவளை எந்தக் கூட்டத்திலும் சேர்க்காதே என்று நேசையன் ஊரெல்லாம் சொல்லி வைப்பான். குடிசையில் படுத்திருப்பவரின் கஞ்சி கண்முன் வந்தது. அவள் கீழே ராகேலைப் பார்த்தாள்.

ராகேல் சாரக் கம்பைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தாள். "நான் சும்மா கத்திட்டேன். இறக்கிவிடணும்னா சொன்னேன்?" பிறகு சத்தமாக, "எனக்குக் கால் வலிக்கு மேஸ்திரி. நான் ஏறல" என்றாள்.

"உனக்குமா கால் வலி?"

"வாய் வச்சு குடிச்சா என்ன, அந்த வாயில புழுவா இருக்கு? நானும் சின்னதுல அப்படித்தான் குடிச்சேன்."

வடிவம்மாள் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். அவளுக்கு மேலே இருந்த மூவரும் நகரவில்லை. கீழே நின்றவர்களில் இரண்டு பேர் சட்டியைத் தரையில் வைத்தார்கள். மற்றவர்கள் சட்டியைக் கீழே வைக்காமல் மேஸ்திரியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

கால் மணி நேரம் போனது. மாடி மேலிருந்து கொத்தனார் வேலப்பன் எட்டிப் பார்த்துக் கத்தினான். "நேசையா, எந்தாடா இது? மிக்ஸு இறுகுது! ஜாயின்டு விழுந்தா வீட்டுக்காரன் உன்னைக் கொல்லும், என்னையும் கொல்லும். ஆளைக் கேற்று, மேல ஏத்து!"

நேசையன் காறித் துப்பினான். மாதியைப் பார்க்காமலே, "ஏறித் தொல" என்றான். மாதி ஏறி வந்து தன் படியில் நின்றாள். சட்டி நகர்ந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சாயங்காலம் கை கழுவும்போது மாதி பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். "அந்த சிரட்டைய வச்சது நீதானே?"

"ஆமா."

"எனக்குத் தெரியும்" என்றாள் மாதி. அன்று கேட்ட எல்லாவற்றிலும் மாடம்மாளுக்கு அதிகம் வலித்தது அதுதான்.

மறுநாள் காலை பழவங்காடியில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நேசையனின் லாரி வந்து நின்றது. "மாடம்மா வேண்டாம், காட்டாத்தி வேண்டாம். மத்தவங்க ஏறுங்க."

எட்டுப் பேர் ஏறினார்கள். வடிவம்மாள் முகத்தைப் பார்க்காமல் ஏறினாள், அவளுக்குக் கைக்குழந்தை. ராகேல் ஒரு காலைப் படியில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். லாரி உறுமியது.

"சீ, இறங்கிட்டேன் போ" என்று அவள் கீழே குதித்தாள். "எக்கா, என் கஞ்சியில மண்ணள்ளிப் போட்டுட்டியே! நீ நல்லா இருப்பியா?"

லாரி போய்விட்டது. மூன்று பேரும் வேலை தேடி நடந்தார்கள். சாலைக் கடைத்தெருவில் ஒரு மேஸ்திரி இரண்டு பேர் போதும் என்று மாதியை மட்டும் ஒதுக்கினான். மாடம்மாள் வாய் திறக்குமுன் ராகேல், "மூணு பேரு. இல்லாட்டி ஒருத்தியும் வரமாட்டா" என்றாள். அவன் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டான்.

வெயில் ஏறிவிட்டது. கரமனைப் பாலத்தடியில் ஒரு வண்டிக்காரன் செங்கல் இறக்க ஆள் வேண்டும் என்றான், அரை நாள் வேலை. "மூணு பேருமா?" என்று கேட்டான்.

"மூணு பேரும்தான்" என்றாள் மாதி.