சலூன்காரரின் கை கனத்த கதை

என் கணவரிடம் முடி வெட்ட வருகிறவர்கள் பாதி வேலையில் தூங்கிவிடுவார்கள். அதுதான் அவர் வாங்கிய பட்டம், பதக்கம் எல்லாம். "கை வெச்சதே தெரியலப்பா" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவருடைய விசில் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். தலையில் விரல் நுனி மட்டும்தான் படும். சீப்பு போவதும் தெரியாது, கத்தரி நகர்வதும் தெரியாது. கடையில் சுழலும் நாற்காலி இரண்டு, நீளமான கண்ணாடி ஒன்று, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. முடி வெட்ட வருகிறவர்களைவிட அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து வம்பளக்க வருகிறவர்கள்தான் அதிகம்.

அப்பேர்ப்பட்டவருடைய மகனின் தலை புதர் மாதிரி வளர்ந்து கிடந்தது.

எங்கள் பையனுக்கு ஆட்டிசம். வாயைத் திறந்து சொல்வது சில சொற்கள்தான். மற்றதையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டிவிடுவான். அவன் தலையில் அப்பா விரல் பட்டால் மட்டும் நெருப்புச் சுட்ட மாதிரி அலறுவான். இவர் மெஷினை விட்டுக் கத்தரிக்கு மாறினார். தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினார். எப்போதும் லேசாகப் படும் விரல்களை இன்னும் லேசாக்கிப் பார்த்தார். ஒருமுறை அவன் தூங்கும்போது ஒரு கொத்து வெட்டினார். அதற்குப் பிறகு பல நாள் அவன் தலையணையில் தலை வைக்கவே இல்லை, சுவரில் சாய்ந்தபடியே தூங்கினான்.

"ஊரையெல்லாம் மொட்டையடிக்கறே, உன் வீட்டுல மட்டும் காடு வளர்க்கறியே" என்று பெஞ்சுக்காரர் ஒருவர் கேட்பார்.

"அவனுக்கு நீளமா இருந்தாத்தான் பிடிக்கும்" என்று இவர் சிரிப்பார். காது மட்டும் சிவந்துவிடும். அதே பதிலைத்தான் கூட்டத்திலும் சொல்லிவைத்திருந்தார். எல்லாக் கோளாறும் அங்கேதான் ஆரம்பித்தது.

கூட்டம் என்பது எங்களைப் போன்ற பெற்றோர்கள் சனிக்கிழமை மதியம் கூடுவது. நூலகத்துக்கு மேலே நாற்காலிகள் அடுக்கிய ஒரு பெரிய அறை. ஆரம்பித்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ், எல்லோருக்கும் அவர் நர்ஸக்கா. அவர் போட்டது ஒரே ஒரு சட்டம். அந்த ஒரு மணி நேரம் யாரும் தன் பிள்ளையோடு உட்காரக் கூடாது, அடுத்தவர் பிள்ளையோடுதான் உட்கார வேண்டும். "உன் புள்ள கத்தினா உனக்கு அவமானம். ஊரார் புள்ள கத்தினா உனக்கென்ன? காதைப் பொத்திக்கிட்டு சிரிச்சிடுவே" என்பார். உண்மைதான். அந்த அறையில்தான் நான் முதல்முறையாக ஒரு டம்ளர் தேநீரைச் சூடாகக் குடித்து முடித்தேன்.

இவருக்கு வந்து வாய்த்தது பேக்கரியம்மாவின் மகள். எந்நேரமும் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பதால் அவளுக்குக் குயில் என்று பெயர். எங்கள் பையன் பேக்கரியம்மாவிடம் போனான். அந்த அம்மா இவரைவிட மூத்தவர், ஆளும் பெரியவர், குரல் அதைவிடப் பெரியது. அவர் சிரித்தால் கீழே நூலகத்தில் படிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை இவர் குயிலோடு வராந்தாவில் நடந்துவிட்டு உள்ளே திரும்பினார். நான் கெட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஜன்னலோரத்தில் பேக்கரியம்மா. அவர் முழங்கால்களுக்கு நடுவே தரையில் எங்கள் பையன். அவர் கையில் காகிதம் வெட்டும் கத்தரி. தரையெல்லாம் முடி.

அவன் அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னல் கம்பியை ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"கண்ணுல வந்து விழுந்துச்சு தம்பி, புள்ளைக்குப் படிக்க முடியல. அதான் கொஞ்சம் நறுக்கினேன்" என்றார் அந்த அம்மா. "கோணலாத்தான் வந்திருக்கு. நீங்க பார்த்துச் சரி பண்ணிடுங்க, உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

இவர் "பரவாயில்ல அக்கா" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போதுதான் வெடித்தார்.

"காகிதக் கத்தரி! அதுல நூல்கூட அறுபடாது. அந்தப் பொம்பளை முடியா வெட்டியிருக்கா? எலி கடிச்சு வெச்சிருக்கு!"

"வெட்ட விட்டானே, அதைப் பாருங்க."

"அதைத்தான் பார்த்துட்டேனே, இன்னும் எதைப் பார்க்கணும்?"

அவர் முகத்தை அன்றைக்கு நான் பார்த்தேன். திருடு கொடுத்தவன் முகம் அது. என்ன போயிற்று என்று சொல்லவும் முடியாத திருட்டு. பிள்ளை அலறினால் தாங்கிக்கொள்ளப் பழகியிருந்தார். அலறாமல் இருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு அவர் பண்ணியதையெல்லாம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். எங்கள் வீட்டில் ரொட்டி நிறுத்தப்பட்டது. "அந்தக் கடை ரொட்டி புளிக்குது" என்றார். பிறகு அவரே அந்தக் கடைக்குப் போய், ஒரு பன்னை வாங்கிக்கொண்டு மூலையில் நின்று வேவு பார்த்தார். பேக்கரி வாசனைதான் பையனுக்குப் பிடிக்கிறதோ என்று கையில் வெனிலா எசன்ஸ் தடவிக்கொண்டு அவனிடம் போனார். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். சலூனுக்கு வந்தவர் ஒருவர் மோந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, தலைக்குக் கேக் வெட்டப் போறியா?" என்று கேட்டார். அந்தப் பொம்பளை பாட்டு பாடுகிறாளோ, மிட்டாய் கொடுக்கிறாளோ என்று இவர் என்னிடம் துருவித் துருவி விசாரித்தார். ஒன்றுமில்லை என்றால் என்மேல் பாய்ந்தார். மாமியார் மருமகளை வேவு பார்ப்பதுகூட இதற்குக் கிட்டே வராது.

அடுத்த சனிக்கிழமை காலையில் சொல்லிவிட்டார்: "இனிமே கூட்டமும் வேணாம் ஒண்ணும் வேணாம். என் புள்ளைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்."

மதியம் பையன் தானாகவே ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். இவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பையன் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். அப்பாவைத் தானாகத் தொட்டு அவன் எதையும் கேட்பது எப்போதாவதுதான். அந்தப் பொம்பளையிடம் போகத்தான் இழுக்கிறான் என்று தெரிந்தும் இவர் எழுந்தார்.

மாடிப்படி முடிவதற்குள் பேக்கரியம்மா குரல் பிடித்துக்கொண்டது.

"வாங்க தம்பி, உங்களத்தான் தேடறேன். வீட்டுல என் மகள் பண்ற அக்கிரமம் தெரியுமா? நான் தலை சீவப் போனா சீப்பைப் பிடுங்கிட்டு வாசலுக்கு ஓடறா. உங்க கடைப் பக்கம் கையைக் காட்டறா. அன்னைக்கு நாங்க கடைக்கு வந்தப்ப அவளை உட்கார வெச்சு ஒரு சுத்து சுத்தினீங்களே அந்த நாற்காலி, அது வேணுமாம். பெத்தவ நான் இங்க குத்துக்கல்லா உட்கார்ந்திருக்கேன், அவளுக்குச் சலூன் மாமா வேணுமாம். எனக்கு வயிறு எரியுது தம்பி, நிஜமாச் சொல்றேன். நேத்து உங்க கடையைத் தாண்டும்போது கல்லெடுத்து வீசலாமான்னு இருந்துச்சு."

இவருக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது.

"நான் உங்க ரொட்டியை நிறுத்திட்டேன் அக்கா."

"அதான் பார்த்தேன்! ஒத்தப் பன்னை வாங்கிட்டு அரை நாள் நின்னீங்களே, கடையை விலைக்குக் கேட்க வந்த ஆளுன்னு நினைச்சேன்."

அப்போதுதான் இவர் உண்மையைச் சொன்னார். அவனுக்கு நீளமான முடி பிடிக்கும் என்றதெல்லாம் பொய், தன் விரல் பட்டாலே அலறுகிறான் என்று. பக்கத்தில் இருந்த நர்ஸக்கா தலையில் அடித்துக்கொண்டார். "இதை ஏம்ப்பா இத்தனை நாள் முழுங்கினே? அவரவர் புள்ளையோட உட்காரக் கூடாதுன்னு நானே சட்டம் போட்டுட்டேன், நீ அவனைத் தொடறதை நான் எங்க பார்க்கறது?"

"நீங்க எப்படிப் பிடிச்சீங்க அக்கா?" என்று இவர் பேக்கரியம்மாவிடம் கேட்டார். தொழில் தெரிந்தவன் தெரியாதவரிடம் கேட்கிற கேள்வி. அதைக் கேட்க அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"என்னத்தைப் பிடிச்சேன்? உட்காருங்க, காட்டறேன்."

நாற்காலியில் உட்கார்ந்தவரின் உச்சந்தலையில் அந்த அம்மா தன் உள்ளங்கையை வைத்தார். மாவு பிசைந்து பிசைந்து அகன்ற கை. வைத்தார் என்றா சொன்னேன், அமுக்கினார். இவர் கழுத்து ஓர் அங்குலம் உள்ளே போனது.

"ஐயோ அக்கா, மெதுவா!"

"எனக்கு வேற மாதிரி வராதே தம்பி."

நர்ஸக்கா சொன்னார்: "சில புள்ளைங்களுக்கு லேசாத் தொட்டா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அழுத்திப் பிடிச்சாத்தான் நிம்மதி. நீ அவன் தலையில தினம் எறும்பு விட்டிருக்கே."

இவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரைத் தூங்கவைத்த கைகள்.

பிறகு கடையை அடைத்துவிட்டு நேரே பேக்கரிக்குப் போக ஆரம்பித்தார். பேக்கரியம்மா ஓர் உருண்டை மாவைத் தள்ளிவிட்டு, "அதென்ன பூனைக்குத் தடவிக் கொடுக்கற மாதிரி? குத்துங்க!" என்று அதட்டுவார். குயில் எங்கள் கடை நாற்காலியில் சுற்றிக்கொண்டே அம்மாவைத் தலை சீவ விட்டாள். முதல் நாள் அந்த அம்மா சீப்பை வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். "பவுடர் நெடி" என்றார்.

எங்கள் பையனுக்கு நேரமானது. முதலில் உள்ளங்கை மட்டும். வைத்து அழுத்துவார், எடுப்பார், அவ்வளவுதான். அப்படியே பல நாள் போயிற்று. ஒருநாள் அவன் அந்தக் கையைப் பிடித்துத் தன் தலையில் தானே வைத்து அழுத்திக்கொண்டான். இவர் என்னைப் பார்த்தார். நான் கத்தரியை எடுத்துக்கொடுத்தேன்.

இடது பக்கம் முழுவதும் வெட்டினார். வலது பக்கம் தொடங்கும்போது பையன் எழுந்து போய்விட்டான். இவர் துரத்தவில்லை. மறுநாள் அந்தப் பாதித் தலையோடு அவனைக் கைபிடித்துக் கடைத்தெரு முழுக்க நடந்தார். பெஞ்சுக்காரர் வாயைப் பிளந்தார். "என்னப்பா இது, பாதியில கரண்ட் போயிடுச்சா?"

"நான்தான் வெட்டினேன்" என்றார் இவர். காது சிவக்கவில்லை.

அதெல்லாம் பல வருஷத்துக்கு முன்னால். போன மாதம் என் கணவர் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களில் அதே பெஞ்சுக்காரரும் இருந்தார். மனத்தாங்கலோடு சொன்னார்: "தங்கமான மனுஷன்மா. ஆனா ஒண்ணு, முன்ன மாதிரி கை இல்ல அவருக்கு. கடைசி வருஷங்கள்ல தலையை மாவு மாதிரி பிசைஞ்சிட்டார். அப்புறம் எனக்கு அந்த நாற்காலியில தூக்கமே வந்ததில்ல."

தன்னிடமிருந்து யாரோ எதையோ எடுத்துக்கொண்டார்கள் என்று பெஞ்சுக்காரருக்குப் புரிந்திருந்தது. யார் என்றுதான் தெரியவில்லை. எங்கள் பையன் அந்நேரம் அவருக்கு எதிரிலேயே சுவரோரமாக உட்கார்ந்து, தன் உள்ளங்கையைத் தன் தலைமேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.