கொய்யா மரத்தைப் பெண் பார்த்தார்கள்

என்னைப் பெண் பார்க்க அரும்பாவூரிலிருந்து வந்தவர்கள் எங்கள் கொய்யா மரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். யுத்த காலம். கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறி, பெரம்பலூரில் வண்டி மாறி, மூஞ்சியெல்லாம் புகையோடு அரியலூர் வந்து சேர்ந்தார்கள். முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போன மாப்பிள்ளையின் அப்பா திரும்பி வரவே இல்லை.

அந்த மரம் என் தோளுயரம்தான் இருக்கும். என் அண்ணன் அதிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட பிறகு, இந்த வீட்டில் யாரும் மரமேறக் கூடாது, மரம்தான் இறங்கி வர வேண்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். காய்ப்பு ஓய்ந்ததும் கிளைகளைக் குறைத்துவிடுவார். புதுத் தளிரில் இடுப்புக்கு நேராகக் காய் தொங்கும்.

"மரத்துக்கு ஏதும் சீக்குங்களா? இப்புடிக் குட்டையா நிக்குது" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டது உள்ளே எனக்குக் கேட்டது.

"சீக்கெல்லாம் இல்லீங்க. கவாத்து பண்றேன்" என்றார் அப்பா.

"கவாத்தா? அது போலீஸ்காரன்ல பண்ணுவான்!"

அப்பா அரிவாளை எடுத்துவந்து விளக்க ஆரம்பித்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கொல்லைக்குப் போனார்கள். மாப்பிள்ளையும் போனார். பட்டுப்புடவையோடு நான் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அம்மா சுட்ட பணியாரத்தை யாரும் தொடவில்லை. எல்லோர் வாயிலும் கொய்யாக்காய்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா, "எங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க" என்றார்.

"பொண்ண நீங்க இன்னும் பாக்கலீங்களே" என்றாள் அம்மா.

"மரத்தையே இவ்வளவு பக்குவமா வளக்குற வூட்டுல பொண்ணு மட்டும் சோடையாவா போயிடும்?"

கல்யாணம் நடந்தது. அடுத்த வாரமே மாமனார் அரிவாளைத் தீட்டினார். கொய்யா, எலுமிச்சை, மா என்று பேதமே பார்க்கவில்லை. எல்லாவற்றையும் தன் தோளுக்குக் கீழே கொண்டுவந்தார். மாமரம் கோபித்துக்கொண்டு பூக்கவே இல்லை. ஓர் இலை சுருண்டால் போதும், "அம்மாடி, ஒரு நட போயி ஒங்கப்பாவக் கேட்டுட்டு வந்துடு" என்பார். தெருவில் மற்ற மருமகள்களுக்குத் தீபாவளி, பொங்கலுக்குத்தான் பிறந்த வீடு. எனக்கு இலை பழுத்தாலே பயணம்.

ஒருமுறை பை நிறையக் காய்ந்த இலையோடு போய் இறங்கினேன்.

"யாருக்குடி ஒடம்பு சரியில்ல?" என்று அம்மா பதறினாள்.

"மாமரத்துக்கு" என்றேன்.

அப்பா இலைகளைப் பரப்பி வைத்து நெடுநேரம் பார்த்தார். "கொய்யா மாதிரி மாவை மொட்டையடிக்கக் கூடாது. சும்மா வுடச் சொல்லு" என்றார். இந்த ஒரு வரியை வாங்கிக்கொண்டு போக எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பிறகு ஒரு வருஷம் மாமனாரின் கொய்யா கொத்துக்கொத்தாகக் காய்த்தது. தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். என் கையில் ஒரு பழத்தை வைத்து, "இனிமே ஒங்கப்பாவத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லம்மா, தொழில் புடிபட்டுடுச்சு" என்றார்.

"சரிங்க மாமா" என்றேன்.

அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை. என்ன என்று கணவர் கேட்டார். கொய்யா விதை பல்லில் சிக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டேன்.