கழுத்தில் ஒரு கட்டி, பஃபலோவில் ஒரு இடக்கையன்

என் கழுத்துக் கட்டியை முதலில் கண்டுபிடித்தது தாலிக்கொடி. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கலியாணத்துக்காகப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட கொடி, இடப்பக்கம் ஏதோ ஒன்றில் ஏறி ஏறி இறங்கியது. தொட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில் ஒன்று உருண்டது. நோகவில்லை.

நோகாததால் பயமில்லை என்று நினைத்தேன். நீங்கள் அப்படி நினைக்காதீர்கள்.

என் கணவரின் தமக்கை, எங்கள் மச்சாள், மண்டபத்திலேயே வைத்தியம் பார்த்தார். "உந்தக் கொடி சரியான பாரம். அதுதான் நெறி கட்டியிருக்கு. கொஞ்சம் குறைச்சுச் செய்விச்சுப் போடும்."

கழுத்துக் கட்டிக்கு நகைக்கடைக்குப் போன சனம் உலகத்திலேயே நாங்கள்தான். கொடி மெலிந்து வந்தது, கட்டி நெல்லிக்காய் ஆனது. அந்தப் பனிக்காலம் முழுவதும் இந்த மடத்தனத்தில் போனது.

பிறகுதான் பயோப்சி (கட்டியில் ஒரு துண்டை எடுத்துப் பரிசோதிப்பது). லிம்ஃபோமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்) என்றார்கள். கழுத்தோடு நில்லாமல் நெஞ்சுக்குள்ளும் இறங்கியிருந்தது. கீமோவுக்கு (நரம்பு வழியே ஏற்றும் புற்றுநோய் மருந்து) அது கேட்குமா, கேட்காதா என்பது மட்டும்தான் இனிக் கேள்வி என்றார் டொக்டர்.

வோபர்னில் எங்கள் அப்பாட்மென்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தார்கள். பப்பாசி இலைச் சாற்றோடு வந்த ஓர் அங்கிள், "நீர் எழும்பிடுவீர் பிள்ளை" என்று எனக்குத் தீர்ப்புச் சொன்னார். வெளியே லிஃப்ற்றுக்குக் காத்து நிற்கும்போது, "தாங்காது போல கிடக்கு" என்று என் கணவருக்கு இன்னொரு தீர்ப்புச் சொன்னார். எங்கள் கதவு மெல்லியது. சாற்றைக் குசினித் தொட்டியில் ஊற்றினேன்.

கீமோக் கதிரையில் தமிழ் சீரியல் பார்த்தேன். எல்லோரும் அழுதார்கள். அந்த வேலைக்கு நானே போதும் என்று நிறுத்தினேன். மகன் வேலைக்குப் போகுமுன் போனில் பேஸ்போல் போட்டுத் தந்தான். ரொறொன்ரோவின் பெரிய அணி அல்ல, அதற்கு ஆள் வளர்க்கும் கீழ் அணிகள். ஃப்ளோரிடாவில் தொடங்கும் பிள்ளைகள் வன்கூவர், நியூ ஹாம்ஷயர், பஃபலோ என்று படிப்படியாக ஏறி இங்கே வரவேண்டும். அநேகர் வந்து சேர்வதில்லை.

வன்கூவரில் ஓர் இடக்கையன் எறிந்துகொண்டிருந்தான். ஒல்லி. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்ப்பான், அங்கே விலாசம் எழுதி வைத்திருப்பதுபோல. நான் வாந்தி எடுத்து, மயிர் கொட்டி, விரல் நுனிகள் மரத்துப்போன (நியூரோபதி, மருந்தால் நரம்பு பழுதாவது) அந்தக் கோடையில் அவன் நியூ ஹாம்ஷயருக்கு ஏறினான். எனக்குக் கடைசிக் கீமோ ஏறிய கிழமை பஃபலோவுக்குப் போய்விட்டான்.

இந்தப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தரவரிசை போடும் நிபுணர்கள் இருக்கிறார்கள். தங்கள் வாழ்நாளில் ஒரு பந்தை ஒழுங்காக எறிந்திருப்பார்களோ தெரியாது. இந்த மாதம் தலையில் தூக்கி வைத்தவனை அடுத்த மாதம் போட்டு உடைப்பார்கள். பாதிப் பேர் அந்த அங்கிளுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும்.

ஸ்கான் முடிந்து டொக்டர் சொன்னார்: "இப்போது ஒன்றும் தெரியவில்லை. மருந்து கேட்டிருக்கிறது. சுகம் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று மாதத்தில் திரும்ப வாருங்கள்." அத்தனை பேரிலும் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மச்சாள் கோயிலில் பொங்கல் பொங்கி, நான் கான்சரை வென்றுவிட்டதாக எல்லோருக்கும் சொன்னார். நான் எதையும் வெல்லவில்லை. கதிரையில் இருந்தேன், மருந்து ஏறியது.

அடுத்த சீசன் பஃபலோவில் இடக்கையன் எறிந்த பந்துகளுக்கு நல்ல அடி விழுந்தது. நியூ ஹாம்ஷயருக்கே திருப்பி அனுப்பினார்கள். நிபுணர்கள் தங்கள் வரிசையிலிருந்து அவன் பெயரைத் தூக்கிவிட்டார்கள். கீமோவில்கூட அப்படி அழாத நான் அன்று அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

இப்போது காலையில் கண் விழித்ததும் கழுத்து, கக்கம், தொடையிடுக்கு எல்லாம் தடவிப் பார்த்த பிறகே எழும்புகிறேன். விரல்கள் இன்னும் மரத்திருக்கின்றன, சட்டைத் தெறியை (பொத்தானை) கண்ணால் பார்த்துத்தான் பூட்டவேண்டும். முன்பு இப்படியொரு உடம்பு இருப்பதே எனக்கு நினைவில்லை.

போன கிழமை மச்சாள் வந்து சோபாவில் பக்கத்தில் இருந்தார். "இனிப் பயமில்லைத்தானே? வாற வருசம் எல்லாருமா ஊருக்குப் போவம். டிக்கெற் போடட்டோ?"

போனில் இடக்கையன் தொப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உவன் திரும்ப வியாழக்கிழமை எறிவான், மச்சாள்," என்றேன். "அதுவரைக்கும் நான் இருப்பன். அங்கால கேக்காதேங்கோ."