மயக்கத்தார் வீட்டுக் கொலை

கறம்பக்குடிக்குத் தெற்கே செங்கொல்லை என்ற ஊரில் பெரியண்ணன் வீட்டுக்கு மயக்கத்தார் வீடு என்று பெயர். அவருடைய தாத்தா நல்லதம்பி, கோழி அறுப்பதைப் பார்த்தாலே கண் சொருகிச் சாய்கிற ஆள். சாயும்போதுகூடப் பக்கத்தில் நிற்பவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்குவமாகத்தான் சாய்வாராம். இடது கையில் ஆறு விரல் என்பதைத் தவிர அவரிடம் வேறு விசேஷம் கிடையாது. விரல் அவரோடு போயிற்று. மயக்கம் மட்டும் பேரனுக்கு வந்து சேர்ந்தது.

பெரியண்ணன் துபாயில் லாரி ஓட்டியவர். பாலைவனத்து வெயிலைத் தாங்கினார், முதலாளியைத் தாங்கினார். ரத்தம் எடுக்க ஊசியோடு வந்த நர்ஸைத்தான் தாங்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பி, இலுப்பை மரம் நிற்கிற தன் கொல்லையில் கடலை போட்டுக்கொண்டு, கறம்பக்குடி மினிபஸ்ஸில் நின்றபடியே போய் வந்துகொண்டிருந்தார். உட்கார இடம் கேட்டால், "மயக்கம் வந்தாச் சொல்லுங்கண்ணே, படுக்கவே எடம் தாரேன்" என்பான் கண்டக்டர் பெலிக்ஸ். பஸ்ஸே சிரிக்கும். பெரியண்ணனும் கூடச் சிரித்துவைப்பார்.

இந்த நிலையில் அதே ஊரில் பிறந்து சென்னையில் வேலை பார்க்கிற ரகுநாத் ஒரு நாவல் எழுதினான். முத்திருளன் என்ற மாட்டு யாவாரியை ஓர் இலுப்பை மரத்தடியில் ஒருத்தன் வெட்டிப் போடுகிறான். வெட்டியவனுக்கு இடது கையில் ஆறு விரல். புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது. விழாவில் பேசிய ஒருவர், ஆறாவது விரல்தான் கிராமத்தின் மனசாட்சி என்றார். இன்னொருவர் இல்லை, அது நிலவுடைமை என்றார். இலுப்பை மரம் என்னவெல்லாமோ ஆயிற்று. அது இலுப்பை மரம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

புதுக்கோட்டையிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வேனில் வந்து பெரியண்ணன் கொல்லை மரத்தைப் பார்த்தார்கள். படம் எடுப்பதற்காக ஒரு பெண் மரத்துக்கு மாலை போட்டாள், இன்னொருத்தி கற்பூரம் கொளுத்தினாள். ஆடு மேய்க்கிற இருளாயி ஓடி வந்து கேட்டாள்.

"யாருக்கு ஆத்தா கற்பூரம்?"

"இங்க வெட்டுப்பட்டவருக்கு, அக்கா."

இருளாயியின் கிடாய் அன்றைக்குக் காலையிலிருந்து காணோம். "கண்ணுல காட்டுய்யா, ஒனக்கே தாரேன்" என்று மரத்தடி மண்ணை எடுத்துப் பூசிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் கிடாய் தானாக வீட்டுக்கு வந்துவிட்டது. பசித்து வந்திருக்கலாம். ஆனால் பசிக்கு யார் கோயில் கட்டுவார்கள்? அடுத்த மாதமே மரத்தில் சிவப்புத் துணியும் மணியும் ஏறின. முத்திருளன் முத்திருளப்பசாமி ஆனான்.

வெட்டுப்பட்டுச் செத்தவன் சாமியாவது அந்தப் பக்கத்தில் புதிதில்லை. அப்படிப்பட்ட சாமிக்கு முறை ஒன்று உண்டு: வெட்டியவன் வம்சத்து ஆள்தான் முதல் கிடாயை ஒரே வெட்டில் சாய்க்க வேண்டும், முதல் மரியாதையாகத் தலையில் பரிவட்டமும் அவனுக்குத்தான். இல்லாவிட்டால் சாமி அடங்காது. ஊர்க் கூட்டத்தில் கடைசியாகப் பேசி முடித்துவைக்கிற முனியசாமி இதைச் சொல்லிவிட்டு, ஆறு விரல் நல்லதம்பியின் பேரனான பெரியண்ணனைப் பார்த்தார்.

"எங்க தாத்தா யாரையும் வெட்டலங்க. கோழியவே வெட்டல. பாத்தாலே விழுந்துருவாரு."

"அன்னைக்கு ஒருத்தன வெட்டுனதுலதான்யா அவருக்கு அந்த மயக்கமே வந்துருக்கு."

"ரகுநாத்து எழுதுனதுங்க அது. கற்பனைன்னு மொதப் பக்கத்துலயே போட்டிருக்கான்."

"கேஸு வராம இருக்க எல்லாரும் போடுறதுதான். பரிசு குடுத்துருக்காங்கள்ல? பொய்க்கு எவன் பரிசு குடுப்பான்?"

பெரியண்ணன் வீட்டுக்கு வந்தார். மறுநாள் மினிபஸ்ஸில் ஏறினால், அவருக்கு எதிரே இருந்த ஆள் எழுந்து நின்றார். "உக்காருங்கண்ணே" என்றான் பெலிக்ஸ், சீட்டைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு. வருசா வருசம் வரப்பை இவர் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்த பக்கத்துக் கொல்லைக்காரர், யாரும் கேட்காமலே பழைய இடத்துக்கு நகர்த்திக் கொடுத்தார். ரேஷன் கடையில் அவர் மனைவி அமராவதிக்கு வழி விட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மயக்கத்தார் வீட்டு மருமகளாகவே இருந்து அலுத்தவள் அவள்.

"ஒங்க தாத்தா வெட்டுனாரோ வெட்டலையோ, செத்துப் போயிட்டாரு. நீங்க எதுக்கு வாயக் குடுக்குறீங்க?" என்றாள்.

பெரியண்ணன் மறுப்பதை நிறுத்தினார். பிறகு மீசையைக் கொஞ்சம் வளரவிட்டார். ஒருநாள் பஸ்ஸில் யாரோ தயங்கித் தயங்கி, "எப்படிண்ணே வெட்டுனாரு?" என்று கேட்க, "ஒரே வெட்டுதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் குரலா அது என்று அவருக்கே சந்தேகம்.

ஆனால் படையல் நாள் வந்துகொண்டிருந்தது. அன்றைக்குச் சாய்ந்தால் சீட்டு போகும், வரப்பு நகரும், பழைய பெயர் திரும்பும். கொல்லைப்புறத்தில் வாழைத்தண்டை வெட்டிப் பழகினார். அழகாக விழுந்தது.

"வாழைக்கு ரெத்தம் கெடையாது" என்றாள் மீன் அலசிக்கொண்டிருந்த அமராவதி. அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கண்ண மூடிக்கிட்டு ஓங்குங்க. கெடா அசையாது."

"நான் அசைவேனே."

படையலன்று ரகுநாத்தும் வந்திருந்தான். தான் எழுதிய ஆள் சாமியாகி மாலையோடு நிற்பதைப் பார்த்ததில் முகம் வெளிறியிருந்தது. பெரியண்ணனை ஓரமாகக் கூப்பிட்டான்.

"மாமா, ஒங்களுக்கு வேணாம்னா நான் மைக்ல சொல்லிர்றேன். முத்திருளன்னு ஒருத்தனே கெடையாது, எல்லாம் நான் எழுதுனதுன்னு."

வழி திறந்துதான் இருந்தது. பெரியண்ணன் மரத்தைப் பார்த்தார், கும்பிட்டு நிற்கிற பெலிக்ஸைப் பார்த்தார்.

"நீ பேசாம இரு. வெளியூர்ல இருக்க பய, ஒனக்கு என்ன தெரியும்?"

இருளாயி நேர்ந்துவிட்ட கிடாய்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உத்தரவு கொடுத்தது. பெரியண்ணன் கண்ணை இறுக மூடி அரிவாளை ஓங்கினார். கழுத்து எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு தடவை திறந்தார். அதன் நெற்றியில் அப்பியிருந்த குங்குமம் தண்ணீரில் கரைந்து கிடாயின் கழுத்து வழியாகச் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. அரிவாள் போய் மண்ணில் குத்தியது. அவர் முனியசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்குவமாகச் சாய்ந்தார்.

கிடாய் முன்னால் கிடந்த மாலையைத் தின்னத் தொடங்கியது.

முனியசாமி தோளில் கிடந்தவரை மெதுவாக இறக்கிப் படுக்கவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"முத்திருளப்பன் மன்னிச்சுட்டான். கெடாயும் வேணாம், ரெத்தமும் வேணாங்குறான். இந்த வீட்டுப் பழி இன்னையோட தீந்துச்சு."

பெண்கள் குலவை போட்டார்கள். ரகுநாத்தும் கையெடுத்துக் கும்பிட்டான். எதற்கு என்று அவனுக்கும் தெரியவில்லை. எடுத்து வைத்திருந்த பரிவட்டத்தை, சாமி வேண்டாமென்று விட்ட கிடாயின் கொம்பில் கட்டினார்கள். மன்னிக்கப்பட்ட வீடுதான் அதை வளர்க்க வேண்டும் என்றும் முடிவாயிற்று.

மறுநாள் மினிபஸ்ஸில் யாரும் எழுந்திருக்கவில்லை. பெரியண்ணன் கம்பியைப் பிடித்தபடி பெலிக்ஸைப் பார்த்தார்.

"பழிதான் தீந்துருச்சுல்லண்ணே," என்றான் அவன், சந்தோஷமாகவே. "அப்பறம் என்ன, உள்ள தள்ளி நில்லுங்க."

வாரக் கடைசியில் வரப்பு நகர்ந்தது. ரேஷன் கடையிலிருந்து அமராவதி நின்று நின்று கால் வலியோடு வந்தாள். கிடாய் பரிவட்டத்தோடு கடலைக்கொடியை மேய்ந்துகொண்டிருந்தது. சாமி கிடாய் என்பதால் அதை அதட்டவும் முடியாது. பெரியண்ணன் இலுப்பை மரத்தடிக்குப் போய் ரகுநாத்துக்குப் போன் போட்டார். அடுத்த புத்தகம் எழுதுகிறாயா என்று விசாரித்தார். எழுதுகிறேன் என்றான்.

"அந்த மாட்டு யாவாரிகூட ஒரு தம்பி வந்துருப்பானேப்பா. அவன் என்ன ஆனான்?"

"தம்பியா? அப்படி யாரும் இல்லையே மாமா."

"யாவாரத்துக்குத் தனியா வரமாட்டாங்கப்பா," என்றார் பெரியண்ணன். "நல்லா யோசிச்சுப் பாரு."